லிட்டில் மோர்டன் ஹால்: ஒரு கோணல் வீட்டின் வரவு செலவு

இங்கிலாந்தில் செஷயர் என்ற பகுதியில், காங்கிள்டன் ஊருக்குக் கொஞ்ச தூரத்தில் ஒரு வீடு இருக்கிறது. பெயர் லிட்டில் மோர்டன் ஹால். அதன் புகைப்படத்தை முதன்முறை பார்ப்பவர்கள் படத்தைத்தான் சந்தேகப்படுவார்கள். கேமராவைச் சாய்த்துப் பிடித்து எடுத்துவிட்டார்களோ என்று தோன்றும். இல்லை, வீடே அப்படித்தான். உத்திரம் ஒரு பக்கம் வளைகிறது, மேல்மாடி கீழ்மாடியைத் தாண்டி வெளியே துருத்திக்கொண்டு நிற்கிறது, அதற்கும் மேலே இன்னொரு மாடி. அந்த மூன்றாவது மாடி முழுக்க வரிசையாகக் கண்ணாடி ஜன்னல்கள். அதற்கும் மேலே கல் பலகைகளால் ஆன கூரை. சுவரெல்லாம் கறுப்பு வெள்ளைக் கோலம். சுற்றிலும் அகழி. அகழித் தண்ணீரில் இந்தக் கோணல் எல்லாம் தலைகீழாக இன்னொரு முறை தெரியும்.

இப்படி ஒரு வீடு 500 வருஷமாக விழாமல் நிற்கிறது. ஏன் விழவில்லை என்பது பொறியியல் மாணவர்களுக்கான கேள்வி. ஏன் யாரும் இடிக்கவில்லை என்பது வணிகவியல் மாணவர்களுக்கான கேள்வி. இரண்டாவதுதான் சுவாரஸ்யம். ஆனால் முதல் கேள்வியைத் தாண்டாமல் அங்கே போக முடியாது.

மோர்டன் குடும்பம் பிரபுக்கள் குடும்பம் எல்லாம் இல்லை. நிலம் வைத்திருந்தவர்கள், அவ்வளவுதான். ஆனால் நிலம் வாங்கத் தெரிந்தவர்கள். 1348இல் கறுப்புச் சாவு என்ற கொள்ளை நோய் இங்கிலாந்தைக் காலி செய்தபோது, ஆளில்லாத நிலம் அடிமாட்டு விலைக்குப் போனது. மோர்டன்கள் வாங்கினார்கள். பிறகு எட்டாம் ஹென்றி மடாலயங்களைக் கலைத்து அவற்றின் சொத்துக்களைப் பறித்தபோது சந்தைக்கு இன்னும் நிலம் வந்தது. அப்போதும் வாங்கினார்கள். முதலாம் எலிசபெத் ராணி பட்டத்துக்கு வந்த காலத்தில் அவர்களிடம் 1,360 ஏக்கரும் இரண்டு தண்ணீர் ஆலைகளும் இருந்தன. ஊரே அழும்போது வாங்குகிறவன் பணக்காரன் ஆகிறான் என்பது பங்குச் சந்தைக்காரர்கள் கண்டுபிடித்த விஷயம் இல்லை!

அந்தப் பணத்தில் எழும்பிய வீடுதான் இது. வடக்குப் பக்கம் இருக்கிற பெரிய கூடம் 1504-08இல் வில்லியம் மோர்டன் என்பவர் கட்டியது. அவர் மகன் பெயரும் வில்லியம். அவர் 1546இல் மேற்குப் பக்கத்தை இடித்துப் புதிதாகக் கட்டினார். பேரன் ஜான் 1560-62 வாக்கில் வாசல் பக்கத்தைக் கட்டினார். 1610 வாக்கில் சின்னதாக ஒரு சமையல்கட்டும் பீர் காய்ச்சும் இடமும் சேர்ந்தன. அதோடு முடிந்தது. ஆக, ஒரே வரைபடத்தை வைத்துக்கொண்டு கட்டிய வீடு இல்லை. காசு வந்தபோதெல்லாம் ஒரு துண்டு ஒட்டவைத்த வீடு. நடுவில் முற்றம், நாலு பக்கமும் ஒவ்வொரு தலைமுறையின் ஆசை.

இந்த மாதிரி வீட்டை எப்படிக் கட்டுவார்கள் என்று தெரிந்துகொண்டால் அதன் கோணலில் இருக்கிற நியாயம் புரியும். இங்கே சுவர் வீட்டைத் தாங்குவதில்லை. மரச்சட்டம்தான் வீடு. சுவர் என்பது சட்டத்தின் இடைவெளியை அடைக்க வந்த பொருள். கீழே கல் அடித்தளம், அதன்மேல் படுக்கையாக ஒரு ஓக் மரம், அதில் தூண்கள், தூண்களின் தலையில் உத்திரங்கள், குறுக்கே சாய்வாக முட்டுக்கட்டைகள். இடைவெளிகளில் குச்சிகளைப் பின்னித் தட்டியாக்கி, களிமண்ணும் சாணமும் வைக்கோலும் குழைத்து அப்புவார்கள். வசதிப்பட்டால் செங்கல். அதன்மேல் சுண்ணாம்புப் பூச்சு.

மரத்தைக் காயவைத்து அறுப்பதில்லை என்பதுதான் இதில் முக்கியமான விஷயம். ஓக் காய்ந்துவிட்டால் இரும்பு மாதிரி ஆகிவிடும், உளி இறங்காது. அதனால் வெட்டிய மரத்தை ஈரமாக இருக்கும்போதே இழைத்து, ஒரு மரத்தின் முனையை நாக்கு போலச் செதுக்கி, இன்னொரு மரத்தில் தோண்டிய குழியில் செருகி, இரண்டையும் துளைத்து ஓக் ஆணி அடித்து இறுக்குவார்கள். இரும்பு ஆணிக்கு அங்கே பெரிய வேலை இல்லை. தச்சர்கள் தங்கள் பட்டறையில் தரையில் கிடத்தியே முழுச் சட்டத்தையும் ஒருமுறை கோத்துப் பார்ப்பார்கள். எது எதோடு சேர வேண்டும் என்று மூட்டுக்கு மூட்டு ரோம எண்களைக் கீறி வைப்பார்கள். பிறகு பிரித்து, வண்டியில் ஏற்றி, மனைக்குக் கொண்டுபோய் மறுபடி கோப்பார்கள். இன்று பெட்டியில் வந்து வீட்டில் பூட்டிக்கொள்கிற மேஜை, அலமாரி மாதிரிதான். என்ன, பெட்டி கொஞ்சம் பெரிசு.

வீடு எழும்பி, ஆட்கள் குடிவந்த பிறகுதான் மரம் காய ஆரம்பிக்கும். வருஷக்கணக்கில் காயும். காயும்போது சுருங்கும், முறுக்கும், வளையும். ஆனால் மூட்டுகள் விடாது. ஈர மரம் சுருங்கும்போது மரஆணியை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது. அதனால் சட்டம் முழுவதும் சேர்ந்தே வளைகிறது. செங்கல் சுவர் என்றால் விரிசல் விட்டிருக்கும். மரச்சட்டம் விட்டுக்கொடுக்கிறது. இந்த வீட்டில் ஒரு பகுதி கோணல் இப்படி வந்தது.

மீதிக் கோணல் பேராசையால் வந்தது. அதற்கு வருவோம்.

முற்றத்தில் நின்று வடக்கே பார்த்தால் இரண்டு பெரிய ஜன்னல் கூண்டுகள் தெரியும். சுவரிலிருந்து வெளியே பிதுங்கி, ஒன்றோடொன்று கூரை இடிக்கிற அளவுக்கு நெருக்கமாக நிற்கும். பக்கத்தில் பக்கத்தில் ஏன் இவ்வளவு இடித்துக்கொண்டு வைத்தார்கள் என்று கேட்கத் தோன்றும். 1559இல் இரண்டாம் வில்லியம் செய்வித்தது. அதில் மரத்திலேயே எழுத்து வெட்டியிருக்கிறது. கடவுளே எல்லாவற்றிலும் எல்லாமும் என்று ஆரம்பித்து, இந்த ஜன்னல்களை வில்லியம் மோர்டன் இன்ன ஆண்டில் செய்தார் என்று வீட்டுக்காரர் பெயர். கீழே இன்னொரு வரி: கடவுள் அருளால் இந்த ஜன்னல்களைச் செய்தவன் தச்சன் ரிச்சர்ட் டேல்.

செலவு செய்தவரும் 'நான் செய்தேன்' என்கிறார், உளி பிடித்தவரும் 'நான் செய்தேன்' என்கிறார். எழுத்துப்பிழையோடு வெட்டிய வரிகள்தான். ஆனால் 16ஆம் நூற்றாண்டில் ஒரு தச்சன் தன் பெயரை முதலாளி பெயர் இருக்கிற அதே ஜன்னலில் வெட்டிவைக்க அனுமதி வாங்கியிருக்கிறான் என்பது சாதாரண விஷயம் இல்லை. அரண்மனைகளைக் கட்டிய எத்தனை பேர் பெயர் இப்படித் தெரியும்?

கண்ணாடி அன்று விலை உயர்ந்த சரக்கு. பெரிய தகடாக வராது. சின்னச் சின்னத் துண்டுகளாக வெட்டி ஈயப் பட்டையில் கோப்பார்கள். இந்த வீட்டில் அப்படிக் கோத்த துண்டுகள் சுமார் 30,000. சதுரம், சாய்சதுரம், பூ, நட்சத்திரம் என்று விதவிதமான கோலங்கள். அண்டை வீட்டார் எண்ணிப் பார்த்து வயிறெரிய வேண்டும் என்றே வைத்தது என்று சொன்னால் தப்பில்லை. அகழியும் அதே ரகம்தான். 33 அடி அகலம். எந்த எதிரியையும் தடுப்பதற்காக வெட்டியது மாதிரித் தெரியவில்லை. அந்தக் காலத்தில் அந்தஸ்துள்ள வீட்டுக்கு அகழி வேண்டும், அதனால் வெட்டினார்கள். உருப்படியான ஒரு உபயோகம் உண்டு. விருந்தினர் அறைகளின் கழிப்பறைகள் நேரே அதில்தான் விழும். அழகான பிரதிபலிப்பு என்று புகைப்படம் எடுக்கிறவர்கள் இதை நினைவில் கொள்ளவும் :)

இப்போது பேராசைக்கு வருவோம். ஜான் மோர்டன் வாசல் பக்கத்தைக் கட்ட ஆரம்பித்தபோது அது இரண்டு மாடிக் கட்டடம். பாதி வேலை நடந்த பிறகு, மேலே ஒரு நீளக் கூடம் வேண்டும் என்று தோன்றியிருக்கிறது. அன்று நாகரிகமான பெரிய வீடுகளில் எல்லாம் நீளக் கூடம் வைப்பது வழக்கமாகிக்கொண்டிருந்தது. மழைநாளில் உலாவலாம், விளையாடலாம், வந்தவர்களுக்குக் காட்டலாம். 68 அடி நீளத்தில் மூன்றாவது மாடியாக அதை ஏற்றிவிட்டார்கள். இரண்டு மாடிக்குப் போட்ட கணக்கின்மேல் மூன்றாவது மாடி. அதுவும் சுவருக்குப் பதில் நாலு பக்கமும் ஜன்னல். அதன் தலையில் கல் பலகைக் கூரை.

விளைவு, கீழே இருந்த சட்டம் அமுங்கியது. மேலே கூரையின் பாரம் இரண்டு பக்கச் சுவர்களையும் வெளியே தள்ளியது. வீடு வெடித்துப் பிளந்துவிடாமல் இருக்கக் கூடத்தின் குறுக்கே உத்திரங்கள் போட்டு இரு பக்கத்தையும் இழுத்துக் கட்ட வேண்டி வந்தது. இது அநேகமாக 17ஆம் நூற்றாண்டு வேலை. இன்று பார்ப்பவர்கள் ஆஹா ஓஹோ என்று ரசிக்கிற அந்தச் சாய்வும் வளைவும் பெரும்பாலும் திட்ட மதிப்பீட்டுக்கு மேல் போன ஒரு செலவின் அடையாளம்.

அந்தக் கூடத்தின் இரண்டு முனைகளிலும் சுதையில் இரண்டு பெண் உருவங்கள். ஒரு முனையில் அதிர்ஷ்டம், சக்கரத்தோடு. மறு முனையில் விதி. அதிர்ஷ்டச் சக்கரத்தை ஆள்வது அறியாமை என்றும், விதியை ஆள்வது அறிவு என்றும் பொருள்படும் வாசகங்கள் பக்கத்தில் இருக்கின்றன. இவை ராபர்ட் ரெக்கார்ட் என்பவர் 1556இல் வெளியிட்ட ஒரு வானியல் புத்தகத்தின் படத்தைப் பார்த்துச் செய்தவை. ரெக்கார்ட் யார் தெரியுமா? கணக்கில் நாம் தினமும் போடுகிற சமக் குறியை 1557இல் அறிமுகப்படுத்தியவர் அவர்தான். பற்று வரவு இரண்டு பக்கமும் சமமாக வராமல் ராத்திரி முழுக்க முழித்திருந்தவர்கள் அவரை ஒருமுறை நினைத்துக்கொள்ளலாம். அந்த மனுஷன் ஒரு பெரிய பிரபுவோடு மோதி, வழக்கில் தோற்று, 1558இல் சிறையிலேயே இறந்துபோனார். அறிவு விதியை ஆளும் என்று எழுதியவரின் கதை இது.

அதே கூடத்தின் சுவர்ப் பலகைகளுக்குப் பின்னாலிருந்து பிற்காலத்தில் நான்கு பழைய டென்னிஸ் பந்துகள் கிடைத்தன. 17ஆம் நூற்றாண்டின் ஆரம்ப காலத்தவை. எந்தப் பிள்ளை அடித்து உள்ளே விழுந்ததோ, யார் திட்டு வாங்கினார்களோ!

1642இல் உள்நாட்டுப் போர் வந்தது. ஒரு பக்கம் மன்னர், மறுபக்கம் நாடாளுமன்றம். மோர்டன்கள் மன்னர் கட்சி. சுற்றியிருந்த ஊர் எல்லாம் நாடாளுமன்றக் கட்சி. 1643இல் வீட்டைப் பறித்துப் படைவீரர்களைக் குடிவைத்தார்கள். மனுப் போட்டு வீட்டைத் திரும்ப வாங்கிவிட்டார்கள், ஆனால் கை காலி. மொத்தச் சொத்தையும் விற்றுவிடலாம் என்று முயன்றார்கள். இதைக் கொஞ்சம் நிறுத்திப் படிக்க வேண்டும். இன்று தேசத்தின் பொக்கிஷம் என்று சொல்லப்படுகிற வீட்டை அதன் சொந்தக்காரர்களே தலைமுழுகப் பார்த்தார்கள். வாங்க ஆள் வரவில்லை. சில நிலத்துண்டுகள் மட்டும்தான் விலை போயின. 1654இல் இறந்த வில்லியம் மோர்டன் (இந்தக் குடும்பத்தில் வில்லியம்களுக்குப் பஞ்சமே இல்லை) விட்டுப்போனது 3,000 முதல் 4,000 பவுண்ட் வரை கடன். மிச்சம் இருந்ததையும் வாரிசுகள் மறுபடி அடமானம் வைத்தார்கள்.

1670களின் கடைசியில் குடும்பம் வீட்டைவிட்டே போய்விட்டது. குத்தகைக்கு விவசாயிகள் வந்தார்கள்.

இந்த வீட்டைக் காப்பாற்றிய நிகழ்ச்சி எது என்று கேட்டால் இதைத்தான் சொல்ல வேண்டும். கல்யாணப் பத்திரிகை மாதிரி அழகாக அச்சடித்த வரலாறுகளில் இப்படி எழுத மாட்டார்கள். ஆனால் யோசித்துப் பாருங்கள். 18ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் பணம் இருந்த நிலக்காரர்கள் என்ன செய்தார்கள்? மரவீடு என்றால் பட்டிக்காடு என்று இடித்துவிட்டு, செங்கல்லிலும் கல்லிலும் நேர்கோட்டு மாளிகைகள் எழுப்பினார்கள். இடிக்க மனம் இல்லாதவர்கள் பழைய சட்டத்தின் முகத்தில் ஒரு செங்கல் சுவரை எழுப்பி மூடினார்கள். மோர்டன்களுக்கும் அந்த ஆசை வந்திருக்காது என்று சொல்ல முடியாது. காசு இல்லை. அவ்வளவுதான். குத்தகைதாரருக்கோ வீடு தன்னுடையது இல்லை, மாற்றிக் கட்ட வேண்டிய அவசியமும் இல்லை. மழை ஒழுகாத நாலு அறை போதும், மற்றதைப் பூட்டி வைப்பார்.

அதற்காக அவர்கள் பொத்திப் பாதுகாத்தார்கள் என்றும் அர்த்தம் இல்லை. 1847இல் வீட்டின் பெரும்பகுதி ஆளில்லாமல் கிடந்தது. ஜன்னல்களில் பலகை அடித்திருந்தது, கூரை உளுத்துப்போயிருந்தது. பிரார்த்தனைக் கூடத்தில் நிலக்கரி மூட்டை. 1841இல் குத்தகைக்கு வந்த குடும்பத்தின் பெயர் டேல். ஜன்னல் செய்த தச்சனுக்கும் அதே பெயர்தான். முடிச்சுப் போட ஆசையாக இருக்கும். பெயர் ஒன்று என்பதோடு விட்டுவிடுவதே நேர்மை.

1892இல் அன்னபெல்லா மோர்டன் இறந்து, வீடு தங்கை எலிசபெத்திடம் வந்தது. எலிசபெத் ஒரு கன்னியாஸ்திரி. கணவர் இல்லை, பிள்ளை இல்லை, இடிபாடாக ஒரு வீடு மட்டும் இருக்கிறது. கணக்குத் தெரிந்த யாரும் அதை விற்கத்தான் சொல்லியிருப்பார்கள். அவர் பிரார்த்தனைக் கூடத்திலிருந்து கரியை அள்ளிப்போட்டு மறுபடி பிரார்த்தனைக் கூடமாக ஆக்கினார். நீளக் கூடத்தைப் பிடித்து நிறுத்த எஃகுக் கம்பிகளை இழுத்துப் பொருத்தியதும் அவர் காலத்து வேலையாகத்தான் தெரிகிறது. 1912இல் வீட்டை உறவினரான டெர்பி பிஷப் சார்ல்ஸ் ஆபிரகாமுக்கு எழுதி வைத்தார். கூடவே ஒரு நிபந்தனை: எந்தக் காலத்திலும் விற்கக் கூடாது.

விற்கவும் முடியாது, வருமானமும் இல்லை, வாயைத் திறந்தால் பழுது. கணக்கேட்டில் இதைச் சொத்துப் பக்கம் எழுதுவதா, பொறுப்புப் பக்கம் எழுதுவதா? பிஷப் ஒரு வழி செய்தார். பார்வையாளர்களுக்குத் திறந்துவிட்டார். ஆளுக்கு ஆறு பென்ஸ். பணம் வாங்கி, உள்ளே கூட்டிப்போய்ச் சுற்றிக்காட்டியது அங்கேயே குடியிருந்த டேல் குடும்பம். அன்றைய ஒரு பவுண்டுக்கு 240 பென்ஸ், அதாவது ஒரு பவுண்ட் சேர 40 பேர் வர வேண்டும். முன்னோர் விட்டுப்போன 3,000 பவுண்ட் கடனை இந்த ஆறு பென்ஸில் அடைப்பதாக இருந்தால் 1,20,000 பேர் வந்திருக்க வேண்டும். (இரண்டரை நூற்றாண்டு பணவீக்கத்தை மறந்துவிட்டுப் போட்ட கணக்கு. பேராசிரியர்கள் மன்னிக்கவும்.)

1938இல் பிஷப்பும் அவர் மகனும் வீட்டை நேஷனல் டிரஸ்ட் வசம் ஒப்படைத்தார்கள். 1895இல் தொடங்கிய அறக்கட்டளை அது. 1907ஆம் ஆண்டுச் சட்டப்படி அது தன் சொத்து ஒன்றைக் கைமாற்ற முடியாதது என்று அறிவித்துவிட்டால், பிறகு டிரஸ்டே நினைத்தாலும் அதை விற்கவோ அடமானம் வைக்கவோ முடியாது. அடமானத்தால் நொடித்த ஒரு வீடு போய்ச் சேர்ந்த இடம் அப்படிப்பட்ட இடம். கன்னியாஸ்திரியின் நிபந்தனைக்கும் பங்கம் வரவில்லை, விற்கவில்லையே, கொடுத்தார்கள். டேல் குடும்பம் 1945 வரை அங்கே விவசாயம் செய்தது, 1955 வரை காவலாக இருந்தது. 100 வருஷத்துக்கு மேல். வீட்டுக்காரர்கள் வெளியேறிய பிறகு அந்த வீட்டில் விளக்கேற்றியவர்கள் அவர்களும் அவர்களுக்கு முன் வந்த குத்தகைக்காரர்களும்தான்.

இன்று வீடும் அகழிமேல் இருக்கிற கல்பாலமும் முதல் தரப் பாதுகாப்புப் பட்டியலில் இருக்கின்றன. வீடு நிற்கிற நிலமே தனியாகப் பாதுகாக்கப்பட்ட தொல்லிடம். ஒரு ஆணியை மாற்றுவது என்றாலும் ஆயிரம் யோசனை.

உள்ளே போகிறவர்கள் நாற்காலி கட்டில் என்று எதிர்பார்த்தால் ஏமாந்துபோவார்கள். ஜான் இறந்த மறு வருஷம், 1599இல், வீட்டுச் சாமான்களுக்கு ஒரு பட்டியல் எடுத்தார்கள். வீட்டில் இன்று மிஞ்சியிருக்கிற அந்தக் காலத்து மரச்சாமான்கள் மூன்றே மூன்று. ஒரு பெரிய வட்ட மேஜை, நிறைய இழுப்பறைகள் வைத்த ஒரு அலமாரி, சாப்பாட்டுக்கான ஒரு நீள மேஜை. வட்ட மேஜையும் அலமாரியும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. கடன்காரர்கள், படைவீரர்கள், குத்தகைக்காரர்கள் எல்லோரையும் தாண்டி வந்தவை. மற்ற அறைகள் காலி. காலியாக இருப்பதும் நல்லதுதான், மரம் தெரிகிறது.

1976இல் ஒரு அறையில் பிற்காலத்தில் அடித்த பலகையைக் கழற்றினார்கள். பின்னால் ஓவியம். பைபிளில் வருகிற சூசன்னாவின் கதை, மோர்டன் குடும்பச் சின்னமான ஓநாய்த் தலை, மரப் பலகை மாதிரியே ஏமாற்றுகிற வண்ணப் பூச்சு. சிலவற்றைக் காகிதத்தில் வரைந்து சுவரில் ஒட்டியிருக்கிறார்கள். நிஜப் பலகை அடிக்கச் செலவாகும் என்று பலகை போல வரையச் சொன்னார்களா, அல்லது அதுவும் ஒரு மோஸ்தரா என்று விவாதிக்கலாம். பிறகு வந்த யாரோ அதன்மேல் நிஜப் பலகையை அடித்து மூடி, அதனாலேயே அதைக் காப்பாற்றியும் விட்டார்கள்.

அடுத்த வருஷம், 1977இல், தெற்குப் பக்கக் கூரையின் கல் பலகைகள் நகர ஆரம்பித்திருப்பது தெரிந்தது. ஜானின் பேராசை 400 வருஷம் கழித்து மறுபடி பில் அனுப்பியது. ஆறு கட்டமாகப் பழுதுபார்க்கும் வேலை தொடங்கியது. அப்போது ஒரு முடிவெடுத்தார்கள். இந்த மாதிரி வீடுகளின் மரத்துக்குக் கறுப்பு பூசுவது உண்மையில் டியூடர் காலத்துப் பழக்கமே இல்லை. அன்று ஓக்கை அப்படியே விட்டுவிடுவார்கள், அது வெயில் மழை பட்டு வெள்ளிச் சாம்பல் நிறத்துக்கு வரும். பளிச்சென்ற கறுப்பு வெள்ளை 19ஆம் நூற்றாண்டில் பரவிய மோஸ்தர். அதனால் பழுதுபார்த்தபோது புதிதாக வைத்த மரங்களுக்குக் கறுப்பு பூசவில்லை. அப்படியே விட்டுவிட்டார்கள். கறுப்புக் கோலத்துக்கு நடுவில் அங்கங்கே வெளுத்த மரம் தெரிந்தால், அந்த இடத்தில் பழைய ஓக் கை விட்டது என்று அர்த்தம்.